நாற்பத்திரண்டாம் பக்கத்துச் சட்னி

"மதியச் சாப்பாடெல்லாம் வேண்டாம். மிஸ்டர் திருமூர்த்தி தன் கையால் செய்கிற அந்த நாற்பத்திரண்டாம் பக்கத்துச் சட்னி மட்டும் போதும். வெள்ளிக்கிழமை வருகிறேன்."

ஹெலன் அனுப்பியிருந்த மெயிலை மோனிஷா திரும்பத் திரும்பப் படித்தாள். எத்தனை முறை படித்தாலும் நடுவில் சட்னி இருந்தது.

மிஸ்டர் திருமூர்த்தி அவளுடைய முதலாளி. திருப்பூரில் அவிநாசி ரோட்டுக்கு உள்ளடங்கிய சந்தில், குழந்தைகளுக்கான பனியன் உடுப்புகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அவருடையது. அவருக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை. தான் சட்னி செய்கிறவர் என்கிற விஷயமே அவருக்குத் தெரியாது.

மோனிஷா அங்கே மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதும், அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வதும் அவள் வேலை. இந்தத் தொழிலில் மறக்கக் கூடாத பாடம் ஒன்றே ஒன்று: பையரிடம் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. துணி இன்னும் நூலாகவே இருந்தாலும் 'வேலை நடக்கிறது' என்று எழுத வேண்டும். பட்டன் எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாவிட்டாலும் 'வந்துகொண்டிருக்கிறது' என்று எழுத வேண்டும். மோனிஷாவின் விரல்கள் இதில் நன்றாகப் பழகியவை.

வந்த வினையும் அந்த விரல்களால்தான். ஹெலன் இங்கிலாந்துக்காரர். குழந்தை உடுப்புக் கடைகளுக்குச் சரக்கு வாங்குகிறவர். சில வருடங்களாக, புத்தாண்டுக்குப் புத்தாண்டு, கம்பெனிக்கு ஒரு சமையல் புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாமே ஒரே ரகம். இலையுதிர் காலத்துப் பழங்களை ஜாமாக, சட்னியாக, ஊறுகாயாகப் பாட்டிலில் அடைத்துவைப்பது எப்படி என்கிற கெட்டி அட்டைப் புத்தகங்கள். 'என் உயிருக்கு உயிரான புத்தகங்கள். செய்து பார்த்தீர்களா?' என்று முதல் வருடம் கேட்டிருந்தார்.

இல்லை என்று எப்படி எழுதுவது? 'செய்தோம். எங்கள் முதலாளியே நாற்பத்திரண்டாம் பக்கத்தைச் செய்தார். மிக நன்றாக வந்தது' என்று மோனிஷா எழுதினாள். நாற்பத்திரண்டாம் பக்கம் எதற்கென்றால், புத்தகத்தைத் திறந்ததும் அந்தப் பக்கம்தான் விரிந்தது. அடுத்த வருடம் முதலாளி அதை வழக்கமாகவே செய்பவர் ஆனார். அதற்கடுத்த வருடம் ஆபீஸில் அந்தப் பாட்டிலுக்கு அடிதடி நடந்தது. ஹெலன் ஒவ்வொரு முறையும் மகிழ்ந்துபோய்ப் பதில் எழுதினார். பிளம் பழமும் ஆப்பிளும் போட்ட அந்தச் சட்னியைத் தன் அம்மா ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கிண்டுவார் என்று ஒரு மெயிலில் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது மோனிஷாவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் 'சார் மிகவும் நெகிழ்ந்துபோனார்' என்று விரல்கள் தட்டிவிட்டன.

இப்போது எழுந்து முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், ஒண்ணு கேக்கோணுங்க. கோவிச்சுக்கக் கூடாதுங்க."

"கேளு கண்ணு."

"நீங்க சட்னி செய்வீங்களாங்க?"

"எங்கூட்ல காபி போடறதுக்கே என்னைய உள்ள உடமாட்டாங்க. ஏன் கண்ணு?"

"நீங்க வருசா வருசம் செய்யறீங்க சார். நல்லாவே செய்யறீங்க."

திருமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மோனிஷா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அதை மாட்டவில்லை.

"அடக் கெரகமே! அதெல்லாம் செய்யறதில்லீங்கன்னு இப்பவே ஒரு மெயில் போட்டுடு."

"எப்படீங்க போடறது? போன வருசம் நீங்க அனுப்புன பாட்டில் கஸ்டம்ஸ்ல நின்னுபோச்சுன்னு வேற எழுதிப்போட்டேனுங்க."

"நான் அனுப்புனனா?"

"நல்லா பேக் பண்ணித்தாங்க அனுப்புனீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மேலே இரண்டாவது மாடியில் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது. சில மாதங்களாகவே அந்தச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. ஹெலனின் இலையுதிர் கால ஆர்டர் வந்தால் அந்தத் தையல் லைன் முழுக்க ஓடும். வராவிட்டால் லைனையே மூட வேண்டியதுதான். காலையில் படியேறும்போது "வாங்க மேடம்" என்று சிரிக்கிற அத்தனை பேரும் வேறு கம்பெனி தேடிப் போக வேண்டும். மோனிஷாவும் அண்ணாந்து பார்த்தாள். தன் விரல் கொழுப்பால் அந்த லைன் நின்றுபோனால் இந்தப் படியை இனி எந்த முகத்தோடு ஏறுவது என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுகாத கண்ணு. ஒரு சட்னிதானே? கடைல வாங்கிப்போடலாம்."

கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையில் அசல் சீமைச் சட்னியே கிடைத்தது. மறுநாள் அது மேஜைக்கு வந்தது. அப்போதுதான் புத்தகத்தின் ஞாபகம் வந்தது. ஹெலன் அனுப்பிய புத்தகங்களில் ஒன்று முதலாளியின் கம்ப்யூட்டரை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று சாம்பிள் துணிகள் சுருங்காமல் அழுத்திக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம் உள்ள புத்தகம் சுடலையிடம் இருந்தது.

சுடலை ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆள். சாயப் பட்டறையிலிருந்து வரும் துணியின் நிறம், பையர் ஒப்புக்கொண்ட நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. லைட் பாக்ஸ் என்பது விதவிதமான பல்புகள் எரிகிற ஒரு பெரிய பெட்டி. பெட்டிக்குள் தலையை விட்டு விட்டு, அவர் உலகத்தையே ஷேடு ஷேடாகத்தான் பார்ப்பார். மற்றவர்களுக்கு அது சமையல் புத்தகம். அவருக்கு அது உயர்ந்த ரகக் கலர் கார்டு. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பென்சிலால் கம்பெனியின் ஷேடு நம்பரைக் குறித்து வைத்திருந்தார்.

"நாப்பத்திரெண்டா? அருமையான ஷேடும்மா அது. நம்ம மூணாம் நம்பர் மெரூன்லா!" என்று பக்கத்தைப் பிரித்தார். கண்ணாடிக் கிண்ணத்தில் கருஞ்சிவப்பாய், வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் மாணிக்கமாய்ப் பளபளத்தது சட்னி. பிறகு கடைச் சட்னியை ஒரு கரண்டி எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். அது சேற்று நிறத்தில் உட்கார்ந்திருந்தது.

"ரிஜெக்ட்" என்றார் சுடலை.

"ஏனுங்க, திங்கற சாமானுங்க இது" என்றாள் மோனிஷா.

"எதுவா இருந்தா என்னம்மா? அந்தம்மா இந்தப் படத்தை வருசக்கணக்கா பாத்துட்டு இருக்காவ. படம் ஒரு ஷேடு, பாட்டில் ஒரு ஷேடுன்னா கண்டுபிடிச்சிர மாட்டாவளா?"

முதலாளிக்கும் மோனிஷாவுக்கும் இது சரியென்றே பட்டது. பனியன் ஊரில் எந்தப் பேச்சும் கடைசியில் ஷேடில்தான் வந்து நிற்கும். ஆக, கடைச் சட்னி ஓரம் கட்டப்பட்டது. சொந்தமாகவே செய்துவிடுவது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை ஷிப்ட் விட்டதும் கேன்டீன் சமையல்காரர் வெள்ளையம்மாளை "இன்னைக்கு நேரத்துலயே கெளம்புங்க" என்று அனுப்பிவிட்டு, மூன்று பேரும் அவருடைய அடுப்படிக்குள் நுழைந்தார்கள். பிளம் பழம் சீசன் இல்லை. அதற்குப் பதில் உடுமலைப்பேட்டைத் தக்காளி. மற்றபடி ஆப்பிள், வெங்காயம், உலர்திராட்சை, சர்க்கரை, வினிகர். மோனிஷா கரண்டியைக் கையில் எடுத்தாள். திருமூர்த்தி பிடுங்கிக்கொண்டார்.

"குடு கண்ணு. நாஞ் செஞ்சேன்னுதானே எழுதியிருக்கறே? நானே கிண்டறேன். பொய்யக் கொஞ்சமாச்சும் கொறைக்கலாம்."

அரை மணி கிண்டினார். வேட்டி முழுக்கத் தக்காளி. சுடலை ஒரு சொட்டை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நசுக்கி, லைட் பாக்ஸுக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தார்.

"ரெட்டு பத்தாது முதலாளி."

பீட்ரூட் துருவிப் போட்டார்கள். சுடலை ஓடினார், வந்தார்.

"ப்ளூ ஏறிட்டு. இத வச்சுப் பொம்பளப் பிள்ளையளுக்குக் கவுன் தைக்கலாம்."

புளியைக் கரைத்து ஊற்றினார்கள்.

"இப்ப டல்லாயிட்டு. செத்த ஷேடு."

பளபளப்புக்கு வெல்லம் போட்டார்கள். பளபளத்தது. ஆனால் மறுபடியும் சிவப்பு போய்விட்டது. திருமூர்த்தியின் கை ஓய்ந்துகொண்டே வந்தது. சட்டியில் இருந்தது என்னவென்று அதைப் பெற்றவர்களாலேயே சொல்ல முடியாது என்கிற நிலை.

"மொளகா வத்தல் பொடி போடுங்க முதலாளி. காரமே இல்லாம நெறத்துக்குன்னே வத்தல் இருக்குல்லா, அது" என்றார் சுடலை.

திருமூர்த்தி அலமாரியைத் திறந்தார். வெள்ளையம்மாளின் டின் ஒன்றில் செக்கச்செவேல் என்று பொடி இருந்தது. நிறத்துக்கென்றே பிறந்தது போல் இருந்ததால் அதுதான் இது என்று மூவரும் நம்பினார்கள். ஒரு கரண்டி போட்டதும் சட்டிக்கு உயிர் வந்தது. சுடலை வாசலில் நின்று "இன்னும்… இன்னும்… கொஞ்சம்…" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். டின் காலியானதும் கட்டைவிரலை உயர்த்தினார். மூவருமே இருமினார்கள். வினிகர் நெடி என்று நினைத்துக்கொண்டார்கள்.

லைட் பாக்ஸில் படத்துக்குப் பக்கத்தில் கிண்ணத்தை வைத்தார்கள். பகல் வெளிச்ச பல்பு, கடை வெளிச்ச பல்பு, வீட்டு வெளிச்ச பல்பு என்று எதில் பார்த்தாலும் படம் எது, சட்னி எது என்று தெரியவில்லை.

"பாஸ்!" என்றார் சுடலை.

பாட்டிலில் அடைத்து, நூலால் கட்டி, அரக்கு வைத்து, 'அப்ரூவ்டு சாம்பிள்' ஸ்டிக்கர் ஒட்டி, மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். யாராவது ஒரு துளி நக்கிப் பார்த்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். திருப்பூரில் சீல் வைத்த சாம்பிளைப் பையர் வரும்வரை கடவுளே வந்தாலும் பிரிக்க மாட்டார்கள். வேலம்பாளையத்திலுள்ள வீட்டுக்கு ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருக்கும்போது மோனிஷாவுக்கு லேசாக ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஆனால் அப்ரூவ் ஆன சரக்கைப் பற்றிக் கவலைப்படுவது அவள் வழக்கமில்லை. நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை, கம்பெனி டிரைவர் குணா ஏர்போர்ட்டிலிருந்து ஹெலனை அழைத்து வந்தான். கொரோனாவுக்கு முன்பு வந்தபோது காரிலிருந்து இறங்கும்போதே சத்தமாகச் சிரிப்பார் அந்த அம்மாள். இப்போது இளைத்திருந்தார். சாம்பிள் உடுப்புகளைப் புரட்டினார். நன்றாக இருக்கிறது என்றார். ஆர்டரைப் பற்றிக் கேட்டால் "பார்க்கலாம்" என்றார். இந்தத் தொழிலில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று மோனிஷாவுக்குத் தெரியும். அவளே பலருக்கு அப்படி எழுதியிருக்கிறாள்.

"சட்னி?" என்றார் ஹெலன். அப்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

ஜன்னலோரம் மேஜை போட்டிருந்தது. ரொட்டித் துண்டுகள், கிண்ணம், கரண்டி, பக்கத்தில் புத்தகம். அரக்கை உடைத்து மூடியைத் திறந்ததும் திருமூர்த்தி அடுக்கடுக்காகத் தும்மினார். கதவோரம் நின்ற சுடலையும் தும்மினார். ஹெலன் எதையும் கவனிக்கவில்லை. கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். புத்தகத்தைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"அப்படியே இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். "எப்படிச் செய்தீர்கள்?"

திருமூர்த்திக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் பனியன் ஆங்கிலம்.

"ஃபர்ஸ்ட் கட்டிங், மேடம்" என்று ஆரம்பித்தார். "தென் செக்கிங். டேமேஜ் பீஸ் ஆல் ரிஜெக்ட். தென் பாய்லிங். தென் ஷேடு மேட்சிங். ஃபைனல், பேக்கிங்."

ஹெலன் வாயைத் திறந்துகொண்டு கேட்டார். இத்தனை தெளிவாக எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெள்ளையம்மாள் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்ணிலும் மூக்கிலும் நீர். மோனிஷா வெளியே ஓடினாள்.

"ஏ தாயி, அடுப்புல கெடந்த அகப்பையத் தெரியாம நக்கிட்டேன்! என்னத்தைக் கிண்டுனிய? டின்னுல இருந்தது எங்க ஊரு வத்தலு. ஊருக்கே கொழம்பு வச்சாலும் நாலு கரண்டிக்கு மேல தாங்காது. டின்னே காலியா கெடக்கு!"

மோனிஷா திரும்பி ஓடிவந்து கதவைத் தள்ளினாள். கரண்டி ஹெலனின் வாய்க்குள் இருந்தது.

முதலில் ஹெலனின் காது சிவந்தது. பிறகு மூக்கு. பிறகு முகம் முழுக்க அந்த மூன்றாம் நம்பர் மெரூனை நெருங்கியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"தண்ணி! தண்ணி குடுங்க!" என்று பதறினாள் மோனிஷா. திருமூர்த்தி டம்ளரை நீட்டினார். ஹெலன் டம்ளரைத் தள்ளிவிட்டார். இன்னொரு கரண்டி எடுத்தார். அழுதுகொண்டே தின்றார். இன்னொன்று. பிறகு ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்து அதையும் தின்றார். ரொட்டி தீர்ந்ததும் விரலால் வழித்தார். கடைசியில் கைக்குட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு தேம்பினார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று மோனிஷா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது மாடிப் படிக்கட்டு அவள் கண்ணுக்குள் வந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், ஹெலன் எழுந்துபோய்த் திருமூர்த்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். திருமூர்த்தி இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலே தூக்கியிருந்தார், போலீஸிடம் சிக்கியவர் மாதிரி.

"இலையுதிர் கால ஆர்டர் முழுவதும் உங்களுக்குத்தான். வேறு யாருக்கும் பிரித்துக் கொடுக்கப் போவதில்லை" என்றார் ஹெலன். "ஒரே ஒரு நிபந்தனை. மீதிப் பாட்டில் எனக்கு வேண்டும்."

பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் காரில் ஏறினார். குணா வண்டியை எடுத்தான். கார் சந்து முனை திரும்பியதும் திருமூர்த்தி செய்த முதல் காரியம், இரண்டாவது மாடிக்கு ஏறிப்போனதுதான். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து கிளம்பிய கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோருக்கும் டீயும் தேங்காய் பன்னும் வந்தன. தையல்காரப் பெண்கள் மோனிஷாவைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு பன் ஊட்டினார்கள். தோளில் தூக்காத குறை. இத்தனை வருட உத்தியோகத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. வாய் நிறைய பன்னோடு சிரித்தாள், கொஞ்சம் அழவும் செய்தாள்.

அவள் கீழே இறங்கி வந்தபோது, கேன்டீனில் திருமூர்த்தி சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நொடி குழாயடிக்கு ஓடினார். வெள்ளையம்மாள் சர்க்கரை டப்பாவோடு பின்னாலேயே ஓடினார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவருக்குப் பேச்சே சரியாக வரவில்லை.

"கண்ணு… இதையா அந்தம்மா… வழிச்சு வழிச்சுத் தின்னுச்சு?"

"மரியாதைக்குத் தின்னிருப்பாங்க சார்" என்றாள் மோனிஷா. "நம்மளாட்டமே அவிங்களுக்கும் இல்லைன்னு சொல்லத் தெரியாதாட்ட இருக்குதுங்க."

"மரியாதைக்கு ஒரு கரண்டி திங்கலாம். பாட்டிலக் கேட்டு வாங்கிட்டுப் போவாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல முதலாளி" என்றார் சுடலை, ரொம்பத் தீர்மானமாக. "ஷேடு பாஸாயிட்டுல்லா? ஷேடு பாஸான பொறகு பையர் வேற என்னத்தப் பாக்கப்போறாவ?"

மோனிஷாவுக்கும் திருமூர்த்திக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வெள்ளையம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். சுடலை ஒருவர் மட்டும் சிரிக்காமல், புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏர்போர்ட்டிலிருந்து திரும்பிய குணா அப்போதுதான் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். ஒரு பன்னைக் கையில் எடுத்துக்கொண்டு, கடிக்காமல் முதலாளியையே பார்த்தான்.

"ஏனுங்க சார், அந்தம்மாளுக்கு அப்படி என்னத்தக் குடுத்தீங்க? கொரோனால போன ருசியும் வாசனையும் இத்தன வருசமா திரும்பவே இல்லையாமா, அந்தப் பொஸ்தகத்துல படத்தப் பாத்துப் பாத்துத்தான் வெறும் சோத்தத் தின்னுட்டு இருந்தாங்களாமா. இன்னைக்குத்தான் படத்துல இருக்கற அதே கலர்ல ஒண்ணு நாக்குல சுரீர்னு தெரிஞ்சுதுன்னு, ஏர்போர்ட் வரைக்கும் அழுதுட்டும் சிரிச்சுட்டும் வந்தாங்கங்க!"